பதிவேட்டில் இடம்பெறாத விளையாட்டுத் திடல்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றொரு குடியிருப்புப் பகுதி உண்டு. அங்கே ஏரி இல்லை. அதற்கு அண்மையில் 'டேங்க் பண்ட் சாலை' உண்டு; கரையும் இல்லை, கரையை முட்டும் நீரும் இல்லை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' உண்டு. அச்சாலையில் நின்று எத்திசை நோக்கினாலும் கட்டடங்களே கண்ணுக்குத் தெரியும். பெயர் மட்டும் எஞ்சிப் பொருள் மறைந்துபோன இடங்கள் இவை. இப்பெயர்களை நாள்தோறும் உச்சரிக்கும் இளைஞர்களுள் பலர், அங்கே ஒரு காலத்தில் பரந்த நீர்ப்பரப்பு இருந்ததை அறியார். அந்நீர் வற்றிய மாதங்களில் அதே நிலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் விளையாட்டுத் திடலாக இருந்தது என்பதை அறிந்தோர் அவர்களினும் குறைவு.

ஏரி மறைந்ததைப் பற்றிப் பேசுவோர் உண்டு. திடல் மறைந்ததைப் பற்றிப் பேசுவோர் அரியர். இதற்குக் காரணம் எளிது. ஏரி வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருந்தது; ஆதலால் அதன் மறைவு ஒரு செய்தியாயிற்று. பிள்ளைகள் ஆடிய திடல் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆதலால் அது மறைந்தபோது கணக்கில் எதுவும் குறையவில்லை. கணக்கில் வராத அவ்விழப்பை ஜமாஅத்தாரின் சிந்தனைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீள ஏரியின் கதை

சென்னை நிலப்பரப்பு மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கிச் சாய்ந்திருப்பது. மேற்கிலிருந்து ஓடிவரும் மழைநீரைக் கரைகட்டித் தடுத்து, பாசனத்திற்குப் பயன்படுத்தும் வழக்கம் தொண்டை மண்டலத்தில் மிகப் பழைமையானது. அவ்வாறு அமைந்த ஏரிகளுள் ஒன்று, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது. ஆங்கிலேயர் தம் நிலப்படங்களில் அதனை 'லாங் டேங்க்', அதாவது நீள ஏரி என்றே குறித்தனர்.

நுங்கம்பாக்கம் அன்று நகரமன்று, கிராமம். கர்நாடக நவாப் தாவூத் கான் 1708ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த ஐந்து கிராமங்களுள் அதுவும் ஒன்று. ஏரியின் கீழே வயல்களும் தோப்புகளும் இருந்த காலம் அது. வயல்கள் தோட்ட வீடுகளாக மாறின; பாசனத்தின் தேவை குறைந்தது. 1872ஆம் ஆண்டு செங்குன்றம் ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுவரும் திட்டம் செயற்பாட்டுக்கு வந்தது. தொலைவிலிருந்து நீர் வரத் தொடங்கியதும், அருகிலுள்ள ஏரி நகரத்தாரின் கண்ணுக்கு நீர்நிலையாகத் தோன்றாமல் வெற்றிடமாகத் தோன்றலாயிற்று. ஒரு நீர்நிலை அழியும் கதை, பெரும்பாலும் அதன் மீதுள்ள பார்வை மாறும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

1920ஆம் ஆண்டு சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலம் பகுதியில் ஏரியைத் தூர்த்துப் புதியதொரு நகர் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. அந்நகருக்கு, 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்டது. அக்கட்சியின் முதலமைச்சராயிருந்த பனகல் அரசரின் பெயரால் பூங்கா அமைந்தது. நம் சமுதாயத்தைச் சேர்ந்த இரு பெருமக்களின் பெயர்களும் அந்நகரின் சாலைகளுக்கு வாய்த்தன. 1934ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பு வகித்த சர் முகமது உஸ்மானின் பெயர் உஸ்மான் சாலைக்கும், வைஸ்ராயின் நிருவாக சபையில் உறுப்பினராயிருந்த சர் முகமது ஹபீபுல்லாவின் பெயர் ஹபீபுல்லா சாலைக்கும் இடப்பட்டன. பண்டிகைக் காலத்தில் துணியெடுக்க உஸ்மான் சாலைக்குச் செல்லும் நம் குடும்பங்கள், தாம் நடப்பது பழைய ஏரியைத் தூர்த்து எழுந்த நகரில் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மாம்பலம் பகுதி நகரான பின்னரும், வடக்கே நுங்கம்பாக்கத்தில் ஏரியின் ஒரு பகுதி எஞ்சியிருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது தாக்குப்பிடித்தது. 1970களில் அதுவும் நிரப்பப்பட்டது. அவ்விடத்தின் ஒரு பகுதியில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. திருவாரூர்த் தேரை மாதிரியாகக் கொண்ட கல்தேரும், 1,330 குறட்பாக்களும் பொறிக்கப்பட்ட மண்டபமும் கொண்ட அக்கோட்டத்தை, 1976ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அஹ்மத் திறந்து வைத்தார். சுற்றுப்புறத்தில் குடியிருப்புகள் பெருகின. ஏரி, 'லேக் ஏரியா' ஆயிற்று.

நீர் வகுத்த நாட்காட்டி

எஞ்சியிருந்த அவ்வேரியின் பக்கத்துச் சந்தொன்றில்தான் என் பிள்ளைப் பருவம் கழிந்தது. 1960களின் பிற்பகுதி அது. எங்கள் விளையாட்டுகளுக்குக் கால அட்டவணை வகுத்தவர் எவருமிலர். ஏரியே அதனை வகுத்தது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து பள்ளமெல்லாம் நிரம்பும். அப்போது கரைமேடுதான் எங்கள் எல்லை. கரையில் பம்பரம் ஆடுவோம். நீரில் காகிதக் கப்பல் விடுவோம். ஓட்டாஞ்சில்லை நீர்மேல் தத்திச் செல்லும்படி எறிந்து, யாருடையது அதிகம் தத்துகிறதென்று எண்ணுவோம். நீந்தத் தெரிந்த பெரிய பிள்ளைகள் ஆழத்திற்குச் செல்வர். நாங்கள் கண்டு ஏங்குவோம்.

மாசி பிறந்ததும் நீர் ஓரங்களிலிருந்து பின்வாங்கத் தொடங்கும். குட்டைகளில் ஒதுங்கிய கெண்டையையும் கெளுத்தியையும் துண்டு விரித்துப் பிடிப்போம். முதலில் காய்வது மேட்டுப் பகுதி. அந்த வண்டல் மண் குழி தோண்ட இளகியதாகவும், தோண்டிய குழி இடிந்து விழாதபடி இறுகியதாகவும் இருக்கும். கோலியாடுவதற்கு அதனினும் உகந்த மண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை. பங்குனியில் கில்லி தொடங்கும். அடிபட்ட புள் எங்கே விழினும் தடுக்கச் சுவரில்லை, உடையக் கண்ணாடியில்லை. சித்திரை, வைகாசியில் பள்ளிகளுக்கு விடுமுறை வரும். அதே மாதங்களில் ஏரியின் உள்வாய் முழுவதும் காய்ந்து வெடித்துக் கிடக்கும். ரப்பர்ப் பந்து வெடிப்புக்குள் புகுந்துகொண்டால், அதனை எடுத்து முடிப்பதற்குள் மட்டையடித்தவன் பல முறை ஓடிவிடுவான். ஆனியிலும் ஆடியிலும் காற்றெழும். வானம் காத்தாடிகளால் நிறையும். புரட்டாசியில் முதல் மழை விழும். ஏரி தன் இடத்தை மீண்டும் கேட்கும். நாங்கள் மறுபேச்சின்றிக் கரையேறுவோம்.

'கல்லா மண்ணா' என்னும் விளையாட்டை இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். பிடிப்பவனிடம் "கல்லா, மண்ணா?" என்று மற்றவர்கள் கேட்பர். அவன் எதைச் சொல்கிறானோ அது அவனுடைய ஆட்சி எல்லை. அதில் கால் வைத்தவன் பிடிபடுவான். கல்லும் மண்ணும் அடுத்தடுத்துக் கிடக்கும் இடத்தில்தான் இவ்விளையாட்டுக்குப் பொருளுண்டு. எங்கும் சிமெண்ட் பூசிய வளாகத்தில் வாழும் பிள்ளையிடம் இக்கேள்வியைக் கேட்டால், அவன் என்ன விடை சொல்வான்? மண் மூடப்பட்ட நாளில் விளையாட்டுகளும் அவற்றுக்குரிய சொற்களும் சேர்ந்தே மூடப்பட்டன.

அத்திடலில் சலவைத் தொழிலாளியின் மகனும், பால்காரரின் மகனும், அரசு எழுத்தரின் மகனும் ஒரே அணியில் ஆடினர். எவர் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து அணி பிரித்ததில்லை. ஓடத் தெரியுமா, பிடிக்கத் தெரியுமா என்பதே கேள்வி. ஆட்டத்தில் எழும் வழக்கை நாங்களே விசாரித்து நாங்களே தீர்ப்பளித்தோம். மஃரிப் பாங்கொலி கேட்டதும் ஆட்டம் நிற்கும் என்பது எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒப்புக்கொண்ட விதி. கடிகாரம் எவரிடமும் இல்லை.

இவ்வளவும் சொல்லும்போது குறைகளை மறைப்பது முறையன்று. அத்திடல் ஆண்பிள்ளைகளின் திடலாகவே பெரிதும் இருந்தது. எட்டு, ஒன்பது வயதைக் கடந்த பெண்பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் பாண்டியாடுவதோடு நிறுத்தப்பட்டனர். மழைக்காலத்தில் ஏரிப் பள்ளங்கள் ஆபத்தானவை, பாம்புகளும் உண்டு. கண்ணாடித் தூள் கலந்து நாங்கள் பெருமையோடு தேய்த்த மாஞ்சா நூல், பிற்காலத்தில் சென்னைச் சாலைகளில் உயிர்களைப் பறித்ததும், காவல்துறை அதற்குத் தடை விதித்ததும் நாம் அறிந்தவையே. பழைமை என்பதனாலேயே அனைத்தும் நன்மை என்று வாதிடுவது என் கருத்தன்று.

'புறம்போக்கு' என்னும் சொல்

ஏரியைத் தூர்க்கத் தொடங்கியபோது லாரிகளில் குப்பையும் கட்டட இடிபாடும் வந்து விழுந்தன. எங்கள் கோலிக் குழிகள் இருந்த மேடு முதலில் மூடப்பட்டது. அன்று என் அத்தா கூறியது இன்றும் நினைவில் நிற்கிறது: "ஏரியில தண்ணி நின்னாத்தான் நம்ம கிணத்துல ஊறும். ஏரியத் தூத்தா நம்ம கிணத்தையும் தூத்த மாதிரிதான்." பெரியவர்கள் கிணற்றைப் பற்றிக் கவலைப்பட்டனர். பிள்ளைகளாகிய எங்கள் கவலையைக் கேட்பதற்கு எவருமிலர்; அதனைச் சொல்லுவதற்குரிய சொற்களும் எங்களிடம் இல்லை.

வருவாய்த்துறைக் கணக்கில் தீர்வை விதிக்கப்படாத பொதுநிலத்திற்குப் 'புறம்போக்கு' என்று பெயர். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, களம் புறம்போக்கு எனப் பயனுக்கேற்ப அது வகைப்படுத்தப்பட்டது. மாடு மேய்வதற்கு ஒரு வகை உண்டு. நெல்லடிக்கும் களத்திற்கு ஒரு வகை உண்டு. சென்னையின் மந்தைவெளி என்னும் பெயரே மந்தைகள் நின்ற வெளியைக் குறிப்பது. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த இடத்திற்கெனத் தனியொரு வகை இருந்ததில்லை. காய்ந்த ஏரியும், அறுவடை முடிந்த வயலும், ஆளில்லாத களமும் அவர்களுக்குத் திடலாயின. ஆகவே ஏரி ஏரியாக இருந்தவரை பிள்ளைகளுக்குத் திடலும் இருந்தது. ஏரியின் வகை மாற்றப்பட்ட நாளில், திடல் எவருடைய கையெழுத்துமின்றி இல்லாமற் போயிற்று.

வரியில்லாத நிலம் என்னும் கணக்குச் சொல், நாளடைவில் பயனில்லாத நிலம் என்னும் பொருளைப் பெற்று, மக்கள் வழக்கில் வசைச்சொல்லாகவும் தாழ்ந்தது. பொதுநிலத்தின் மீது நம் சமூகம் கொண்ட மதிப்பு எவ்வளவு வீழ்ந்தது என்பதற்கு இச்சொல்லின் வீழ்ச்சியே சான்று.

இந்நிலை ஓரூருக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் வீட்டுவசதி வாரியம் அமைத்த குடியிருப்புகளுள் 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்றே பெயர் கொண்டதும் உண்டு. மதுரையில் 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை அமைந்திருப்பது உலகனேரிக் கண்மாயில். பெங்களூரில் சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கும், தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் கெம்பேகௌடா பேருந்து நிலையமும் உள்ளன. ஏரி இருந்த இடத்தில் விளையாட்டரங்கம் வந்ததே, அது நன்றல்லவா என்று சிலர் கேட்கலாம். அரங்கத்திற்கு வாயிற்கதவு உண்டு, காவலர் உண்டு, நேரம் உண்டு. அங்கே ஆடத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆடுவர், ஏனையோர் பார்ப்பர். காய்ந்த ஏரியில் பார்வையாளர் என்றொரு பிரிவே இருந்ததில்லை.

நீர் மறக்கவில்லை

மூடப்பட்ட இடத்தை மனிதர் மறந்தாலும் நீர் மறப்பதில்லை. வள்ளுவர் கோட்டத்தின் அருகே தொடங்கி, தியாகராய நகர் வழியாகச் சென்று, நந்தனத்தில் அடையாற்றைச் சேரும் மாம்பலம் கால்வாய், பழைய ஏரி நிலத்தின் நீரை இன்றும் சுமக்க முயல்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருமழையில் மேற்கு மாம்பலமும் தியாகராய நகரும் வெள்ளத்தில் தத்தளித்தன. 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்களில் மீண்டும் நீர் தேங்கி நின்றது. இவ்விரண்டுக்கும் இடையே, 2019ஆம் ஆண்டு கோடையில் அதே நகரம் குடிநீரின்றித் தவித்தது. ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவரப்பட்டது. மழைக்காலத்தில் நீரை ஏற்றுக்கொண்டு, கோடையில் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட நிலத்தை இழந்தபின், இரு காலங்களிலும் நாம் துன்பப்படுகிறோம்.

ஏரிகளில் எழுந்த வீடுகளில் வாழ்வோரைக் குறைசொல்வது அறமாகாது. அவர்களும் நம்மவரே, தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமென்று வந்தவர்களே. வீடும் வேண்டும், திடலும் வேண்டும். வீட்டுக்குரிய இடத்தை வகுத்தபோது திடலுக்குரிய இடத்தை எவரும் கேட்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

கேட்பதற்கு வழியில்லாமலும் இல்லை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. தம் எல்லைக்குள் உள்ள இத்தகைய இடங்களைப் பட்டியலிட வேண்டுமென்று அது உள்ளாட்சி அமைப்புகளைப் பணிக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இல் தனிச்சட்டம் வந்தது. பிள்ளைகள் விளையாடுவது அவர்தம் உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டுமென்கிறது. சட்டங்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துக் காட்டிக் கேட்பவர்தாம் குறைவு.

கேட்டால் பயனுண்டு என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்துக் கட்டணம் பெறத் தீர்மானித்தது. மக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழவே, அத்தீர்மானம் உடனே கைவிடப்பட்டது. எதிர்ப்பு எழாதிருந்தால், மணிக்கு இவ்வளவு என்று பணம் செலுத்தவியலாத பிள்ளைகளுக்கு அத்திடல்களின் வாயில் அடைபட்டிருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய ஏரிகளை மீட்பது அரசின் பணி. நம் மஹல்லா அளவில் நாமே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, நம் மஹல்லாவில் எஞ்சியுள்ள வெற்றிடங்கள் எவை, அவை எந்தப் புல எண்ணில், எந்த வகையில் பதிவாகியுள்ளன என்பதை அறிதல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு மனுவின் வாயிலாக இவ்விவரங்களைக் கேட்டுப் பெறலாம். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான பட்டியலில் அவ்விடங்கள் இடம்பெற்றுள்ளனவா என்றும் கேட்கலாம்.

இரண்டாவது, புதிய மனைப்பிரிவுகள் வரும்போது விழிப்பாயிருத்தல். பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைப் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டுமென்பது விதி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்படாத இடமாயின், நிலத்திற்கு ஈடாகப் பணம் செலுத்திவிடவும் விதியில் இடமுண்டு. பணம் செலுத்தப்பட்ட இடத்தில் விதி நிறைவேறிவிடும். ஆனால் அங்கு வளரும் பிள்ளைக்கு ஓடுவதற்கு ஓர் அடி மண் கிடைக்காது. வீடு வாங்கும் நம் சகோதரர்கள் விலையையும் பட்டாவையும் விசாரிப்பதுபோல், பிள்ளைகளுக்கான திறந்தவெளி எங்கே என்பதையும் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, நம் முதியவர்களிடம் கேட்டெழுதுதல். எங்கே ஆடினார்கள், என்ன ஆடினார்கள், எவ்விடம் எப்போது மூடப்பட்டது என்பவற்றை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாணவர் தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதினால், அரசுப் பதிவேட்டில் இல்லாத ஒரு பதிவேட்டை நாமே உருவாக்கலாம். பாட்டியிடம் கேட்பதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் எவ்வயதில் எவ்விடத்தில் நிறுத்தப்பட்டார்கள் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே. இனி அமையும் திடலில் பெண்பிள்ளைகளுக்கும் இடமிருக்க வேண்டும் என்பதை அப்பதிவேடு நமக்கு நினைவூட்டும்.

ஒரு நிலத்தில் நெல் விளைந்தால் அதற்குக் கணக்குண்டு. வீடு எழுந்தால் கணக்குண்டு. பிள்ளைகள் ஓடி ஆடி உடலும் உள்ளமும் வளர்வதும் ஒரு விளைச்சலே. அதனைக் கணக்கில் எழுதாத காரணத்தால், பயன் மிகுந்த ஒரு நிலத்தை வெற்றிடமென்று எண்ணி ஒரு தலைமுறை இழந்துவிட்டது. நம் மஹல்லாவில் இன்று பிள்ளைகள் பந்தாடும் இடம் எதுவாயினும், அது எவருடைய பெயரில், எந்த வகையில் பதிவாகியுள்ளது என்று இவ்வாண்டே கேட்டறிவோம். அது மூடப்பட்ட பின்னர் வருந்துவதைக் காட்டிலும், அங்கே பிள்ளைகளின் குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதனை எழுதி வைப்பது எளிது.